முத்துச்செல்வி எழுதிய பக்கம்

பாடம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தாம் எழுதிய பயிற்சிகளில் ஏதாவது ஒன்றின் மேல் தனிப் பாசம் வந்துவிடும். அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே திரிவார்கள். யாராவது குறை சொன்னால் முகம் சுருங்கிப்போகும். பாடத்திட்ட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கும் அது வரும். எனக்கு வந்தது. அதனால் என்ன நடந்தது என்பதை மட்டும் இன்று சொல்கிறேன். என் பணிக்காலத்தில் சொல்லிக்கொள்ளும்படி சில நல்லவையும் நடந்தன. அவற்றைப் பணி நிறைவு விழாவிலேயே மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். இதை அங்கே யாரும் சொல்லவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தேசியப் பாடத்திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பள்ளியில் எந்தச் சமயத்தையும் போதிக்கக் கூடாது, ஆனால் எல்லாச் சமயங்களைப் பற்றியும் சொல்லித்தர வேண்டும், எந்த வீட்டுப் பிள்ளையும் தன் வீடு அந்தப் பாடத்துக்கு வெளியே நிற்கிறது என்று நினைக்கக் கூடாது. இதுதான் நோக்கம். முழுமையாகச் சேர்ப்பதற்கு முன் சில ஊர்களில் நடத்திப் பார்க்கலாம் என்று முடிவாகி, திருப்பூரையும் எடுத்துக்கொண்டார்கள். நல்லூரை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. பாடம் எழுதும் குழுவிலும் என்னைச் சேர்த்தார்கள். சென்னையில் கூட்டம் நடக்கும்போதெல்லாம் ரயிலேறிப் போய்விட்டு வருவேன்.

எங்கள் பள்ளி அதற்குப் பொருத்தமான பள்ளிதான். இந்த மண்ணிலேயே பல தலைமுறையாக இருக்கும் இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களின் பிள்ளைகள் பாதி. பனியன் கம்பெனி வேலைக்காகத் தெற்கு மாவட்டங்களிலிருந்து வந்து, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் குடியிருப்பவர்களின் பிள்ளைகள் மீதி. ஒரே பெஞ்சில் நான்கு விதமான தமிழ் கேட்கும்.

அதுவரை நன்னெறி வகுப்பு என்று ஒன்று இருந்தது. புத்தகத்தில் ஒரு கோயில், ஒரு சர்ச், ஒரு மசூதி மூன்றும் தோளோடு தோள் உரச நிற்கும். கீழே, எல்லா மதங்களும் அன்பையே போதிக்கின்றன என்று ஒரு வரி. ஒருநாள் அதை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு பெண் எழுந்து, "டீச்சர், எங்க கருப்பராயன இதுல காணோமுங்களே?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் என் பயிற்சி பிறந்தது. ‘எங்கள் வீட்டு வழிபாடு’ என்று தலைப்பு. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் யாரை, எப்போது, எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது. வெட்கப்படாமல், மறைக்காமல், கண்டதை எழுத வேண்டும். பிறகு ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்துக் கேள்வி கேட்க வேண்டும்.

சென்னைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் பாராட்டினார்கள். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். பல ஊர்களில் பணி செய்து ஓய்வு பெற்றவர். அவர் மட்டும் கூட்டத்தில் ஒன்றும் சொல்லவில்லை. மதிய உணவு முடிந்து குழாயடியில் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தவர், பக்கத்தில் நான் போய் நின்றதும் மெதுவாகச் சொன்னார்.

"எழுதச் சொல்லுங்கம்மா. படிங்க. ஆனா படிச்சதும் அந்தப் பிள்ளை கையிலேயே திருப்பிக் கொடுத்துடுங்க. நீங்க வச்சுக்காதீங்க."

"ஏன் சார்?"

"வச்சிருக்கிறவங்க பேச்சைக் காகிதம் கேக்காது."

வயதானவர்களின் பயம் என்று எடுத்துக்கொண்டேன். ஊருக்குத் திரும்பும் ரயிலில் அதை மறந்தும் போனேன்.

எட்டாம் வகுப்பில் பயிற்சியை நடத்தினேன். பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதினார்கள். அதில் முத்துச்செல்வியின் பக்கம் வேறு மாதிரி இருந்தது. அவள் பதின்மூன்று வயதுப் பெண். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த குடும்பம். அப்பா இறந்துவிட்டார். அம்மா தங்கம் ஒரு பனியன் கம்பெனியில், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை பார்த்தாள். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு. முத்துச்செல்வி வகுப்பில் அதிகம் பேசாதவள். எழுதக் கொடுத்தால் மட்டும் கை ஓயாது.

அவள் எழுதியது இன்றும் எனக்கு மனப்பாடம். சொல்கிறேன்.

‘ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஓவர்டைம் இல்லை என்றால் நாங்கள் மூன்று பேரும் ஜெபத்துக்குப் போவோம். ஓவர்டைம் இருந்தால் அம்மா கம்பெனியிலேயே பாட்டுப் படிப்பாள். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. ஊருக்குப் போனால் பெரியம்மை சுடலைமாடனுக்குப் பொங்கல் வைப்பாள். அம்மா அதைச் சாப்பிட மாட்டாள். எங்களைச் சாப்பிட வேண்டாம் என்றும் சொல்ல மாட்டாள். பள்ளிக்கூடத்தில் என் பெயர் முத்துச்செல்வி. ஜெபத்தில் என் பெயர் எஸ்தர். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்ப்பேன்.’

நான் அதை வகுப்பில் சத்தமாக வாசித்தேன். முடித்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் காது வரை சிவந்து டெஸ்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். ஒரு பாடத்திட்டத்தால் ஒரு பிள்ளைக்கு என்ன தர முடியுமோ அது முழுவதும் அன்று அந்த வகுப்பறையில் இருந்தது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால்தான் பிறகு நடந்ததைப் பொறுத்துக்கொள்வது கஷ்டமாக இருக்கிறது.

முன்னோட்ட அறிக்கையை நான்தான் தொகுத்தேன். நல்ல பக்கங்கள் பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தேன். முதல் பக்கம் முத்துச்செல்வியுடையது. பெயர் போட்டேன், வகுப்பு போட்டேன், பள்ளியும் போட்டேன். பிள்ளைக்குப் பெருமை கிடைக்கட்டும் என்றுதான். முன்னுரையில் ஒரு வரி எழுதினேன்: ‘இவை யாவும் மாணவர்கள் யாருடைய உதவியுமின்றித் தம் சொந்த அனுபவத்திலிருந்து எழுதியவை.’ அச்சாகி வந்ததும் அலுவலகங்களுக்கெல்லாம் பிரதி போனது. தங்கத்தைக் கூப்பிட்டு ஒரு பிரதி கொடுத்தேன். அவள் மகளின் பெயரைக் கண்ணால் தேடிப் பிடித்து, விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகம் மாறியது. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இது எங்கெல்லாம் போவும் டீச்சர்?" என்று கேட்டாள்.

"மெட்ராஸ், டெல்லி வரைக்கும் போகுமுங்க," என்று சொன்னேன்.

இங்கே உங்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். தெரிந்தவர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் சாதியில் பிறந்த ஒருவர் கிறிஸ்தவராகிவிட்டால் சட்டப்படி அவர் அந்தப் பட்டியலில் இல்லை. வேறு பட்டியலுக்குப் போய்விடுவார். படிப்பிலும் வேலையிலும் அந்த இட ஒதுக்கீடு கிடையாது. மதம் மாறிய பிறகும் தெருவில் யாரும் அவரை வேறு விதமாக நடத்துவதில்லை. காகிதம் மட்டும் வேறாக நடத்தும். அதனால் பல குடும்பங்களில் இரண்டு பெயர்கள் உண்டு. சான்றிதழுக்கு ஒன்று, ஜெபத்துக்கு ஒன்று. ஊருக்கே தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். சமூக அறிவியல் ஆசிரியைக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்திருந்தும், அந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுத்த நாளில் அது என் மூளைக்கு எட்டவே இல்லை. பக்கம் அவ்வளவு அழகாக இருந்தது.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் அரசு நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்தாள். சில வாரங்களில் அவர்களுடைய சொந்த ஊர்த் தாலுகா அலுவலகத்துக்கு ஒரு மனு போயிருக்கிறது. இந்தக் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம், சாதிச் சான்றிதழ் செல்லாது என்று மனு. ஆதாரமாக என் அறிக்கையின் முதல் பக்கம் இணைக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து விசாரிக்கச் சொல்லி இங்குள்ள அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது.

மனு போட்டது யார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. பல மாதங்கள் ஆளைத் தேடினேன். அந்தச் சீட்டுக்கு அடுத்து நின்ற யாராவதா, லைன் வீட்டில் தண்ணீர்ச் சண்டை போட்ட யாராவதா, எங்கள் அலுவலகத்திலேயே யாராவதா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஆளைத் தேடிக்கொண்டிருந்த வரைக்கும், இணைத்த காகிதம் யாருடையது என்று நினைக்காமல் இருக்க முடிந்தது.

விசாரணைக்கு முந்திய நாள், மதிய இடைவேளையில் தங்கம் பள்ளிக்கு வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டிருந்தாள். வேப்பமரத்தடியில் நின்றோம்.

"டீச்சர், நாளைக்கு ஆர்.ஐ. வாராராம். ஒங்களையும் கேப்பாராம்."

"ஆமாங்க. எனக்கும் தகவல் வந்துச்சு."

"ஒரே ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும். அது நீங்க எழுதிக் குடுத்த மாதிரிப் பக்கம், எம்மவ பாத்து எழுதுனான்னு சொல்லிருங்க. பெரியவ ராத்திரி பகலா படிச்சா டீச்சர். எங்களுக்கு வேற போக்கு கெடையாது."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். முடியாது என்றும் சொல்லியிருக்கலாம். முடியாது என்றால் அவள் வேறு யாரையாவது, ஒரு வக்கீலையாவது, பார்த்திருப்பாள். நான், "பாக்கலாமுங்க," என்றேன். அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் பள்ளிக்கு எதிரே இருந்த போன் பூத்திலிருந்து சென்னைக் குழுவின் அந்த மூத்தவரிடம் பேசினேன். நடந்ததைச் சொன்னேன். நான் அப்போதே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு என்ன வயசும்மா?"

"பதிமூணு சார்."

பிறகு சொன்னார்: "நாளைக்கு அந்த ரூம்ல நீங்க முதல்ல பேசிடுங்க. எதைச் சொல்றீங்களோ அது உங்க மனசாட்சி. ஆனா அந்தப் பிள்ளை வாயைத் திறக்கிற நிலைமை வரக் கூடாது. அது ஒண்ணைத்தான் நீங்க பாக்கணும்."

இத்தனை தெளிவாக எனக்கு யாரும் எப்போதும் வழி சொன்னதில்லை.

மறுநாள் காலை தலைமை ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். பதற்றத்தில் இருந்தார். "டீச்சர், மாதிரிப் பக்கம் அது இதுன்னு எதையாவது சொல்லி வச்சுறாதீங்க. டெல்லிக்கு அனுப்புன ரிப்போர்ட்டு பொய்யின்னு ஆயிருமுங்க. உங்க முன்னுரையில என் கையெழுத்தும் இருக்குது. ரெண்டு பேருக்கும் சர்வீஸ் பாக்கி இருக்குதுங்க," என்றார்.

பத்தரை மணிக்கு அந்த ஆர்.ஐ., வருவாய் ஆய்வாளர், வந்தார். கடுகடுப்பானவர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவரை வில்லனாக்கினால் எனக்குச் சுலபம். மரியாதையானவர். டீயைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தலைமை ஆசிரியர் அறையில் அவர் முன்னால் என் அறிக்கை இருந்தது. தலைமை ஆசிரியர் ஜன்னலோரம் நின்றார். சுவரோரம் தங்கம் நின்றாள். அவள் பக்கத்தில் முத்துச்செல்வி. இரட்டைப் பின்னல், மடித்துக் கட்டிய ரிப்பன். எதற்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அம்மா அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்த பார்வை இல்லை. டீச்சர் வந்துவிட்டார்கள், இனி ஒன்றும் ஆகாது என்பது போன்ற பார்வை.

"ஏனுங்க டீச்சர், இது நீங்க தொகுத்த புக்குதானுங்களே?"

"ஆமாங்க."

அவர் முன்னுரையைப் பிரித்து அந்த வரியை வாசித்தார். ‘யாருடைய உதவியுமின்றித் தம் சொந்த அனுபவத்திலிருந்து.’ வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. நானும் உத்தியோகக்காரன்தான், கேட்டாகணும். இந்தப் பக்கம் இந்தப் பாப்பா சொந்தமா எழுதுனதுங்களா?"

இரண்டு பதில்கள் என்னிடம் இருந்தன. ஆமாம் என்பது உண்மை. இல்லை, நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்பது பொய். அந்தப் பொய்க்கு என்னவெல்லாம் விலை என்று காலையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். மெமோ வரும், சஸ்பென்ஷன் வரலாம், திட்டம் நிற்கலாம், குழுவில் என் முகம் போகும். தங்கத்தின் பக்கம் இருந்த விலையை நான் அந்த நேரத்தில் எண்ணவில்லை. கடைசியில் என் வாய் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தது.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லீங்க. நிறைய நோட்டு பாத்தேன்."

பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை என்று ஒரு கணம் எனக்கு நிம்மதிகூட வந்தது. ஆய்வாளர் அறிக்கையில் அவள் பக்கத்தைத் திருப்பினார். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

"பாப்பா, இங்க வா கண்ணு. இது நீ எழுதுனதா?"

முத்துச்செல்வி முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பார்வையை மேசை மேல் இறக்கிக்கொண்டேன்.

"நாந்தான் எழுதுனேன் சார்," என்றாள்.

தங்கம் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"பொய்யா எழுதுனேன்," என்றாள் அடுத்து.

"பொய்யாவா? ஏன் கண்ணு?"

"நல்லா எழுதுனா டீச்சர் எல்லார் முன்னாடியும் வாசிச்சுக் காட்டுவாங்க. அதுக்காவ."

"அப்ப எஸ்தருங்கறது யாரு?"

"யாரும் இல்ல சார். சும்மா வச்ச பேரு."

அவர் அதை அப்படியே வாக்குமூலமாக எழுதினார். அவளிடம் வாசித்துக் காட்டினார். அவள் கீழே அழகான கையெழுத்தில் ‘சி. முத்துச்செல்வி, ஒன்பதாம் வகுப்பு’ என்று எழுதினாள். என்னிடமும் காகிதத்தை நீட்டினார்கள். சாட்சியாக நானும் கையெழுத்திட்டேன். அவளுக்குப் பொய் சொல்ல வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. யாரும் அவளுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அம்மா என்னை நம்பியிருந்ததால் மகளை எதற்கும் தயார் செய்யவில்லை. இருபது நொடிகளில், அறையிலிருந்த நான்கு பெரியவர்களையும் பார்த்து, யாரும் செய்யப்போவதில்லை என்று புரிந்துகொண்டு, அவளே அதைச் செய்தாள்.

மன அழுத்தத்தில் எடுக்கும் முடிவைப் பற்றி உங்களுக்குப் பயிற்சிகளில் நிறையச் சொல்லித்தருவார்கள். நான் கண்டது ஒன்றுதான். அந்த மாதிரி அறையில் நீங்கள் எடுக்காத முடிவு காற்றில் நிற்காது. அங்கே இருப்பவர்களில் மிகச் சிறியவர் மேல் போய் இறங்கும்.

அந்தப் பொய் பலித்ததா என்று கேட்பீர்கள். பாதி பலித்தது. குழந்தையின் வாக்குமூலம் போதாது, மேல்விசாரணை தேவை என்று எழுதி ஆய்வாளர் கோப்பை அனுப்பினார். சான்றிதழ் ரத்தாகவில்லை. செல்லும் என்றும் யாரும் சொல்லவில்லை. நிலுவையில் இருந்தது. நிலுவையில் இருக்கும்போதே நர்சிங் கலந்தாய்வு நாள் வந்து போய்விட்டது. அக்கா அம்மாவுடைய கம்பெனியிலேயே செக்கிங்கில் சேர்ந்தாள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருடமும் கோப்பு நகரவில்லை.

நான் நல்லூர் லைன் வீட்டுக்கு ஒருமுறை போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். தங்கம் என்னை உட்காரவைத்து, கடையிலிருந்து டீ வாங்கி வரச் செய்து கொடுத்தாள். சுவரில் பெரிய முருகன் காலண்டர் புதிதாகத் தொங்கியது. யாராவது எட்டிப் பார்த்தால் தெரிகிற இடத்தில் மாட்டியிருந்தார்கள். முத்துச்செல்வி உள்ளே இருந்தாள். வெளியே வரவில்லை.

"ஜெபத்துக்குப் போறீங்களா இப்ப?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது.

தங்கம் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "நாங்க எங்கயும் போவல டீச்சர்," என்றாள். முன்பு என்னிடம் எதையும் மறைக்காதவள். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னாள்: "ஒங்கள ஒண்ணும் சொல்லதுக்கில்ல. நீங்க நல்லதுக்குத்தான் கேட்டீங்க. கவுர்மெண்டுல கேக்கிறவங்க எல்லாம் நல்லதுக்குத்தான் கேக்காங்க. எங்க புள்ளைக்குத்தான் எந்தக் கேள்விக்கு எந்தப் பேரச் சொல்லணும்னு தெரியாமப் போச்சு."

நான் எடுத்து வந்திருந்த மன்னிப்பை அந்த வார்த்தைக்குப் பிறகு எடுத்து வைக்க முடியவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். உன் சாமி யார் என்ற ஒரே கேள்வியைத்தான் வகுப்பறையில் அன்பாகவும் தாலுகா அலுவலகத்தில் சந்தேகமாகவும் கேட்கிறோம். கேட்பது ஒரே அரசாங்கம். பிள்ளைக்கு அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவில் சுவர் இருக்கிறது என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். சுவர் இல்லை. சமயங்களைப் பற்றிப் பள்ளியில் சொல்லித்தர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கருப்பராயன் பெண்ணின் கேள்விக்கு இன்றும் பதில் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது போலப் பேசி உங்களை அனுப்பிவைக்க மாட்டேன்.

அந்தப் பயிற்சியை நீக்கச் சொல்லிக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். காரணத்தை எழுத முடியவில்லை. எழுதினால் அது இன்னொரு காகிதமாகி அந்தக் கோப்பில் சேர்ந்துவிடும். காரணம் இல்லாத கடிதத்தை யார் மதிப்பார்கள்? முன்னோட்டத்தில் மிகச் சிறப்பாக அமைந்தது அந்தப் பயிற்சிதான் என்று என் அறிக்கையையே எனக்கு மேற்கோள் காட்டிப் பதில் வந்தது.

அடுத்த பருவத்தில் டெல்லியிலிருந்து மூன்று பேர் பார்வையிட வந்தார்கள். அதே பிள்ளைகள், இப்போது ஒன்பதாம் வகுப்பு. வந்தவர்கள் கண் முன்னால் அதே பயிற்சியை நடத்திக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. கரும்பலகையில் ‘எங்கள் வீட்டு வழிபாடு’ என்று எழுதினேன். இஷ்டப்பட்டதை எழுதுங்கள் என்று மட்டும் சொன்னேன். வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தலைமை ஆசிரியரும் சொல்லவில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும். பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் எழுதி முடித்துப் பேனாவை மூடினார்கள்.

வந்தவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. நான்தான் நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். முதல் நோட்டில், ‘எங்கள் வீட்டில் எல்லாச் சாமியையும் கும்பிடுவோம். எல்லா மதங்களும் அன்பையே போதிக்கின்றன’ என்று இருந்தது. சொன்னேன். இரண்டாவது நோட்டை எடுத்தேன். ‘எல்லா மதங்களும் அன்பையே போதிக்கின்றன. நாங்கள் எல்லாச் சாமியையும் கும்பிடுவோம்.’ சொன்னேன். மூன்றாவதும் அதுதான். நான்காவதும் அதுதான். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள், தெற்கத்திப் பிள்ளைகள், இந்து, கிறிஸ்தவர் எல்லோருடையதிலும் அதே இரண்டு வரிகள். லைன் வீடுகளில் செய்தி பரவியிருக்கிறது. வீட்டுக்கு வீடு பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளும் ஆபத்தில்லாத ஒரு வரியைத் தேடி, பழைய நன்னெறிப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏழாவதோ எட்டாவதோ முத்துச்செல்வியின் நோட்டு. அதையும் வாசித்து ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் மூன்றாவது பெஞ்சில் கை கட்டி உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டாவது நோட்டோடு போதும் என்றார்கள். மூவரில் மூத்த அம்மையார் கண்கள் கலங்கியிருந்தார். இப்படி ஓர் ஒற்றுமையை இதுவரை போன எந்த இடத்திலும் பார்க்கவில்லை என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். அந்த நிமிடம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் யார், எந்தப் பிள்ளை, ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் மறுபடியும் அந்த மூன்றாவது பெஞ்சுக்குத்தான் போவார்கள். அதனால் பேசாமல் நின்றேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பயத்தாலும் இருக்கலாம். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அதைப் பிரிக்கத் தெரியவில்லை.

பார்வையாளர் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். திட்டத்தின் நோக்கம் முழுமையாக நிறைவேறியிருக்கிறது, பிற பள்ளிகள் இதைப் பின்பற்றலாம் என்று அந்த அம்மையார் எழுதினார். பாட ஆசிரியர் என்று இருந்த இடத்தைக் காட்டிப் பேனாவை என்னிடம் நீட்டினார். வகுப்பு முழுவதும் எழுந்து நின்று நன்றி சொன்னது. நான் குனிந்து கையெழுத்துப் போட்டேன்.